நாற்பத்தொன்றாம் கேள்வி

ஜூலை 1, திங்கள்

இன்று சேர்ந்துவிட்டேன். மக்கள்தொகை, சூழலியல் ஆய்வு மையத்தின் பலகை ஒரு பல் மருத்துவர் பலகைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. ஆட்டோக்காரர் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டார். முந்நூற்றுச் சொச்சம் விண்ணப்பங்களில் இந்த ஆண்டு இரண்டு பேருக்குத்தான் ஃபெல்லோஷிப். ஒன்று எனக்கு. இன்னொன்று வாணியம்பாடி நவ்ஷாத்துக்கு. நீர் வேதியியல் படித்தவர், அறிமுகக் கூட்டத்திலேயே ஏழெட்டுக் கேள்வி கேட்டார்.

இயக்குநர் வசுமதி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "உன் அப்ளிகேஷன்ல ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிச்சது, பிரமிளா. ஆரணியில உங்க தெருவுல எத்தனை வீட்ல போர்த்தண்ணி குடிக்க முடியலன்னு பத்தொன்பது வயசுல நீயே வீடு வீடாப் போய் எண்ணியிருக்க. அதுதான் டெமோகிராஃபி. மத்ததெல்லாம் ஃபார்முலா."

அந்தக் கணக்கைக் காட்டியபோது கல்லூரியில் சிரித்தார்கள். இன்று ஒருவர் அதைப் படித்துப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ஆண்டு முடிவில் எங்கள் இருவரில் ஒருவரை பாங்காக்கில் நடக்கும் எட்டு வாரப் பயிற்சிக்கு மையம் பரிந்துரைக்கும். அதைப் பற்றி இப்போதே நினைக்கக் கூடாது. அம்மாவிடம் சொன்னேன். அதற்குள் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

ஜூலை 11

சுழிமேட்டுக்கு முதல் பயணம். மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ, அப்புறம் உப்பங்கழியைத் தாண்டப் படகு. அறுபத்து நான்கு வீடுகள், எல்லாரும் இருளர்கள். ஆணும் பெண்ணும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. குடிதண்ணீர் லாரி எதிர்க்கரைக்கு வாரம் இரண்டு நாள் வரும். அங்கிருந்து குடங்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும்.

யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு பெண் மட்டும் கேட்டார். "ஓட்டு லிஸ்ட்டா, ரேஷன் கார்டா?"

இரண்டும் இல்லை என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு வந்த?"

அவர் பெயர் தேசம்மா. வயது நாற்பத்தைந்து என்று நானாக எழுதிக்கொண்டேன்.

ஜூலை 24

கடைசிப் படகு போய்விட்டதால் நேற்று தேசம்மா அக்கா வீட்டில் தங்கினேன். காலையில் அவர்களோடு நானும் கழியில் இறங்கினேன். ஒரு மணி நேரம் தடவியும் ஓர் இறால் கூடக் கிடைக்கவில்லை, கெளுத்தி முள் ஏறி விரல் வீங்கிவிட்டது. நான் "ஐயோ அம்மா" என்று கத்தியதைப் பார்த்து அத்தனை பெண்களும் சிரித்தார்கள். தேசம்மா அக்கா சிரித்துச் சிரித்துத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். 'மேடம்' போய் 'பாப்பா' ஆகிவிட்டேன்.

ஆகஸ்ட் 8

இருபத்தேழாம் கேள்வி: பிறந்து ஓராண்டுக்குள் இறந்த குழந்தைகள் எத்தனை?

தேசம்மா அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

"அதெல்லாங் கூடவா எழுதணும்?"

"எழுதணும்க்கா. எழுதினாத்தான் இந்தத் தண்ணி மோசம்னு நிரூபிக்க முடியும்."

"எழுதனா தண்ணி வருமா?"

"வரும்" என்றேன்.

ஒப்புதல் படிவத்தில் 'இந்த ஆய்வினால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி வரும்போது கொஞ்சம் வேகமாகப் படித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரும் பேச மாட்டார்கள்.

"ரெண்டு" என்றார். "மொதல்து பொம்பளப் புள்ள. பதினோரு நாளு. ரெண்டாவது ஆம்பளப் புள்ள, நாலு மாசம். பேதி புடிச்சிகிச்சி. அன்னிக்கின்னு பாத்துப் படகு இல்ல." கையிலிருந்த தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இத யாரும் கேட்டதில்ல பாப்பா. நானும் யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார்.

பெயர் வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். படிவத்தில் இல்லாத கேள்வி.

"வெச்சிருந்தன்." பெயரைச் சொல்லாமல் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தார். நானும் கேட்கவில்லை. கட்டத்தில் 2 என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 21

முப்பத்தெட்டுப் படிவங்கள் முடிந்தன. துணி துவைத்தேன். செருப்பு அறுந்துவிட்டது.

செப்டம்பர் 6

மேடம் களத்தைப் பார்க்க வந்தார். கூட நிதி தரும் அமைப்பிலிருந்து இரண்டு பேர். நான் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்த்த மேடம், "பாருங்க, என் ஃபெல்லோ இந்த ஊருக்கே மகளாயிட்டா" என்று அவர்களிடம் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும்.

வந்தவர்கள் வீடுகளுக்குள் வரவில்லை. படகை நடுக்கழியில் நிறுத்தச் சொல்லி, கோடை காலத்தில் ஆழம் எவ்வளவு இருக்கும், அடியில் பாறையா சேறா என்று படகுக்காரரிடம் விசாரித்தார்கள். சூழலியல் ஆர்வம் உள்ளவர்கள் போலிருக்கிறது.

அக்டோபர் 7, திங்கள்

படிவத்தின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. நாற்பது கேள்விகளோடு இன்னும் ஒன்று. 'பாதுகாப்பான குடிநீர், சாலை, மருத்துவமனை ஆகிய வசதிகள் உள்ள இடத்தில் வாழ விரும்புகிறீர்களா? ஆம் / இல்லை.' அறுபத்து நான்கு வீடுகளுக்கும் மறுபடி போய் இதை மட்டும் கேட்டு வர வேண்டும்.

கூட்டத்தில் நவ்ஷாத் எழுந்து, "மேடம், இதுக்கு உலகத்துல யாரு 'இல்ல'ன்னு சொல்வாங்க? எல்லாரும் 'ஆம்'னு சொல்ற கேள்விய எதுக்குக் கேக்கணும்? பணம் குடுக்கறவங்க கேக்கச் சொன்னாங்களா?" என்றார்.

மேடம் முகம் மாறவே இல்லை. "நல்ல கேள்வி நவ்ஷாத். வசதிகளுக்கான தேவையை அளக்கறதுக்கு இது ஒரு முறை" என்றார்.

சரியான விளக்கம்தான். நவ்ஷாத் எதிலும் குற்றம் பார்க்கிறவர்.

அக்டோபர் 9

பஸ் ஸ்டாப்பில் நவ்ஷாத், சுழிமேட்டுக்குப் பக்கத்தில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்று வரப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்றும், நம் மையத்துக்கு வரும் நிதியும் அதைக் கட்டும் கம்பெனியிலிருந்தே சுற்றி வருகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றும் சொன்னார். ஆதாரம் இருக்கிறதா என்றேன். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

மதியம் மேடம் கூப்பிட்டு, நவ்ஷாத் ஏன் ஒரு மாதிரி இருக்கிறான், உன்னிடம் ஏதாவது சொன்னானா என்று கேட்டார். சொன்னேன். நேரடியாகக் கேட்கும்போது பொய் சொல்ல முடியாதே.

பாங்காக் பரிந்துரைக்கான பட்டியல் ஜனவரியில் போகுமாம். பாஸ்போர்ட் இருக்கிறதா என்றும் கேட்டார்.

அக்டோபர் 22

நான்கு நாட்களாக நாற்பத்தொன்றாம் கேள்வி. மழை வேறு. அறுபது வீடுகளில் 'ஆம்'. நான்கு வீடுகளில் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், 'இல்லை' என்று குறித்தேன்.

ஆனால் யாரும் 'ஆம்' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. ஒவ்வொருவரும் கூடவே ஏதோ சொல்கிறார்கள். படிவத்தில் அதற்கு இடமில்லாததால் என் கள நோட்டில் வீட்டு எண் போட்டு அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வைத்தேன். தேசம்மா அக்கா சொன்னது: "ஆஸ்பத்திரி, ரோடு, தண்ணி எல்லாம் வேணுந்தான். அது இங்க வரட்டும். அதெல்லாம் வந்துட்டா எந்த மவராசி இந்த எடத்த வுட்டுப் போவா?"

நோட்டில் எழுதுவதை மேடத்திடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும், இது என் பழக்கம்.

நவம்பர் 4

நவ்ஷாத்தின் ஃபெல்லோஷிப்பை நிறுத்திவிட்டார்கள். 'குழுவோடு இணங்கிப் பணியாற்ற இயலாமை' என்று கடிதமாம். போகும்போது என் மேசைக்கு வந்தார். என்னிடம் வாங்கியிருந்த ஸ்டேப்ளரை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவரிடம் கொஞ்சம் நிதானம் இருந்திருக்கலாம்.

நவம்பர் 21

அட்டவணைகள் எல்லாம் தயார். சுழிமேட்டில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஓராண்டு நிறையும் முன் இறந்த குழந்தைகள்: பத்தொன்பது. இதைப் பார்த்த பிறகு தண்ணீர்க் குழாய் போடாமல் இருக்க யாருக்கு மனது வரும்?

டிசம்பர் 17

அறிக்கையின் ஐந்து அத்தியாயங்கள் நான் எழுதியவை. ஆறாவது, 'பரிந்துரைகள்'. அதை மேடமே எழுதுகிறார். படித்துப் பார்க்கலாமா என்றேன். "அச்சுக்குப் போயிடுச்சும்மா. வந்ததும் முதல் காப்பி உனக்குத்தான்" என்றார்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. படத்தில் கண் பாதி மூடியிருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

பரிந்துரைத்துவிட்டார்கள்! பாங்காக். மார்ச் 2 அன்று பயணம். பன்னிரண்டு நாடுகளிலிருந்து இருபத்து நான்கு பேர். 'மக்கள்தொகையும் சூழல் மாற்றமும்'. பாடத்திட்டத்தை மூன்று முறை படித்தேன். அம்மா போனில் அழுதாள்.

ஜனவரி 22, புதன்

நாளை மரக்காணம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். கப்பல் தளம் பற்றித்தான். நம் அறிக்கையும் அங்கே முன்வைக்கப்படுகிறது, நீயும் வர வேண்டும் என்றார் மேடம். அப்படியானால் நவ்ஷாத் சொன்னது ஓரளவு சரி. தளம் வரட்டும், கூடவே தண்ணீரும் வந்தால் நல்லதுதானே.

எந்தப் புடவை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 23

இன்று எழுத முடியாது.

ஜனவரி 25

எழுதிவிடுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. சுழிமேட்டுக்காரர்கள் படகில் கழியைத் தாண்டி, எதிர்க்கரையிலிருந்து இரண்டு டிராக்டரில் வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பெண்கள் கையாட்டினார்கள். "பாப்பா, இங்க வா, எடம் இருக்குது" என்று தேசம்மா அக்கா கூப்பிட்டார். மேடம் எனக்கு முன்வரிசையில், கம்பெனிக்காரர்களுக்குப் பின்னால் இடம் போட்டு வைத்திருந்தார். அப்புறம் வருகிறேன் என்று சைகை காட்டினேன்.

கம்பெனியின் அதிகாரி திரையில் படம் போட்டுக் காட்டிப் பேசினார். முதல் படம் குடம் சுமந்து போகும் ஒரு பெண்ணின் முதுகு. நான் எடுத்தது. தேசம்மா அக்கா அது.

"புகழ்பெற்ற ஓர் ஆய்வு மையம் ஆறு மாதம் இந்தக் கிராமத்திலேயே தங்கி ஆய்வு செய்திருக்கிறது" என்றார் அவர். "இங்கே பத்தொன்பது குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன் இறந்திருக்கின்றன. சுழிமேடு மனிதர்கள் வாழத் தகுதியற்ற இடம் என்பது ஆய்வின் முடிவு. இடம் மாற்றினால் ஏற்றுக்கொள்வதாகத் தொண்ணூற்று நான்கு சதவீதக் குடும்பங்கள் கூறியிருக்கின்றன. அவர்களுக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டித் தரத் தயாராக இருக்கிறோம்."

நாற்பது கிலோமீட்டர். அங்கே கழியும் இல்லை, கடலும் இல்லை.

மண்டபத்தில் அன்றுதான் என் கைக்கு வந்த அறிக்கையை மடியில் திறந்து ஆறாம் அத்தியாயத்தைப் படித்தேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் அதில் இருந்தது. அட்டையில் வசுமதி மேடத்தின் பெயருக்குக் கீழே என் பெயர்.

பின்னால் சலசலப்பு. தேசம்மா அக்கா எழுந்து நின்றிருந்தார். யாரோ மைக்கைக் கொடுத்தார்கள்.

"எம் பேரு தேசம்மா. சுழிமேடு. நீங்க சொன்ன பத்தொம்போதுல ரெண்டு என்னோடது."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் இத எங்கூட்டுக்காரர்கிட்டக் கூடப் பேசனது இல்ல. அதோ குந்திகினு இருக்குதே, அந்தப் பாப்பாகிட்டதான் சொன்னன். சொன்னா தண்ணி வரும்னிச்சி. எங்கள இந்த எடத்த வுட்டுத் தொரத்தறதுக்கா அத சொன்னன்? பாப்பா, எந்திரி. நீ சொல்லு. நாங்க போறம்னு சொன்னமா?"

கூட்டத்தை நடத்திய அரசு அதிகாரி மேடையிலிருந்து, "யாரும்மா அது? ஆய்வு செஞ்சவங்களா? பேசலாம், பேசுங்க" என்றார்.

எழுந்தேன். மைக் என்னிடம் வந்து சேர்வதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூட்டம் முடிந்து ஓடினேன். டிராக்டர் கிளம்பிவிட்டது. "அக்கா" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

மேடத்தைப் பார்க்கப் போனேன். காபி சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"மேடம், இடம் மாறச் சம்மதமான்னு நாம யாரையும் கேக்கல. வசதி உள்ள இடத்துல வாழ விரும்புறீங்களான்னுதான் கேட்டோம்."

"ஆமா. விரும்புறோம்னு சொன்னாங்க. சொல்லலையா?"

"அந்த வசதி அங்கேயே வரணும்னு சொன்னாங்க."

"அது ஃபார்ம்ல இல்லையே, பிரமிளா."

"குழந்தைங்க செத்தத அவங்க என்னை நம்பிச் சொன்னாங்க மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இந்த சென்டரை இருபத்திரண்டு வருஷமா நடத்தறேன். ஸ்பான்சர் இல்லாம ஒரு ஃபெல்லோஷிப் கிடையாது, ஒரு டிரெயினிங் கிடையாது. உன்னை மாதிரிப் பொண்ணுங்க முப்பது பேர் இங்கேருந்து வெளிநாடு போயிருக்காங்க. அந்த ஜனங்களுக்கும் நல்ல வீடு கிடைக்கப் போகுது. நான் உன்னை ஏமாத்திட்டேன்னு நினைக்கறியா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அக்டோபர்ல நவ்ஷாத் கேட்டான். நீ கேக்கல. அவன் என்ன சொல்றான்னு என்கிட்ட வந்து சொன்னதும் நீதான். உனக்குப் புரியலைன்னு நான் ஒருநாளும் நினைக்கல. புரிஞ்சுதான் என்கூட இருக்கேன்னு நினைச்சேன்." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "மார்ச் ரெண்டாம் தேதி ஃபிளைட். மனசைக் குழப்பிக்காம பேக் பண்ணு."

குரலில் கோபமே இல்லை. என்மேல் பிரியமாகத்தான் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜனவரி 29

25ஆம் தேதி எழுதியதில் ஒன்று உண்மையில்லை.

மைக் வந்தது. ஒரு தன்னார்வலர் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். கனமாக இருந்தது. மேடம் என்னைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டை மட்டும் லேசாகப் பிடித்தார். தேசம்மா அக்கா நின்றபடியே இருந்தார். நான் "அறிக்கையில் விவரமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அறிக்கையில் விவரமாக இருக்கிறது. இதைத்தான் சொன்னேன்.

கூட்டத்தில் நவ்ஷாத் அந்தக் கேள்வியைக் கேட்ட அக்டோபர் 7 அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. அதையும் அன்றைக்கு எழுதவில்லை.

ஜனவரி 30

நவ்ஷாத்துக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

"என்னைப் பத்தி நீங்க மேடம்கிட்ட என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும், பிரமிளா."

"மன்னிச்சிடுங்க."

"அதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். உங்ககிட்ட ஃபார்ம் காப்பி இருக்கா?"

"எல்லாம் ஆபீஸ்ல. ஆனா கள நோட்டு என்கிட்ட இருக்கு. நாப்பத்தொண்ணாவது கேள்விக்கு அவங்க சொன்னது எல்லாம் அதுல இருக்கு. வீட்டு நம்பரோட."



"எழுத்து மூலம் ஆட்சேபம் குடுக்க பிப்ரவரி ஏழு வரைக்கும் டைம் இருக்குன்னு கூட்டத்துல சொன்னாங்கல்ல?" என்றார். "நோட்ட வச்சு ஆய்வு பண்ணவங்களே குடுத்தா தள்ளிவிட முடியாது. ஆனா அந்த ஜனங்க கையெழுத்து வேணும். நீங்கதான் போய்க் கேக்கணும்."

பிப்ரவரி 3, திங்கள்

போனேன்.

படகுத்துறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். படகுகள் வந்து போயின. யாரும் ஏறச் சொல்லவில்லை. கடைசியில் தண்ணீர் லாரி வந்தது. குடம் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், "குடத்துக்கு நடுவுல குந்திக்க" என்று மட்டும் சொன்னார்.

சுழிமேட்டில் வேப்பமரத்தடியில் நின்று, எதற்காக வந்திருக்கிறேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இருபது முப்பது பேர் சேர்ந்தார்கள், மற்றவர்கள் அவரவர் வாசலில் நின்று கேட்டார்கள்.

"இந்த நோட்ட எங்க கொண்ட்டுபோயி குடுப்ப?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "மொத தபா கொண்ட்டுபோனது எங்களுக்கே வந்து வெடிச்சிது."

நோட்டைத் திறந்து முதல் வீட்டிலிருந்து படித்தேன். "ஒன்றாம் வீடு. 'குழா ஒண்ணு போட்டுக் குடுத்தா போதும், நாங்க எங்கயும் போவல.' இரண்டாம் வீடு. 'ரோடு வேணும். எம்மவன் ஸ்கூலுக்குப் போவணும். ஊர வுட்டுப் போவறதுக்கு இல்ல.'" அவரவர் வார்த்தைகள் வரும்போது அவரவர் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஆமா, நான் அப்படித்தான் சொன்னன்" என்று ஒருத்தி சொன்னாள். அறுபத்து நான்கையும் படித்தேன். தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கையெழுத்துத் தெரிந்தவர்கள் போட்டார்கள். மற்றவர்கள் கைநாட்டு. தேசம்மா அக்கா கடைசிவரை தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். எல்லாரும் முடித்த பிறகு நடந்து வந்தார். நான் மைப்பெட்டியை நீட்டினேன். வாங்கித் தரையில் வைத்து, தானே குனிந்து கட்டைவிரலை அழுத்தினார்.

"இது எங்க எடத்துக்குப் போடற நாட்டு. உனக்கு இல்ல."

"தெரியும்க்கா."

"அக்கான்னு கூப்புடாத."

நான் தாளை மடித்தேன். போகத் திரும்பியவர் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறன். அந்தப் பொஸ்தகத்துலேந்து எம் புள்ளைங்க ரெண்டையும் எடுத்துடு. எங் கிட்டயே இருக்கட்டும். கண்டவன் வாயில பூந்து வர வேணாம்."

முயற்சி செய்கிறேன் என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

கலெக்டர் அலுவலகத்தில் ஆட்சேபம் கொடுத்தாயிற்று. நவ்ஷாத்தும் வந்திருந்தார். ஆறு பக்கக் கடிதம், அறுபத்து நான்கு வீடுகளின் வாக்குமூலம், கள நோட்டின் நகல். 'நாற்பத்தொன்றாம் கேள்வி இடமாற்றத்தைப் பற்றியது அல்ல என்பதை அதைக் கேட்டவள் என்ற முறையில் உறுதி கூறுகிறேன். எனக்குச் சந்தேகம் எழுந்த பிறகும் கேட்டேன்' என்று முடித்து, கீழே என் முழுப்பெயர். கடைசி வரியை எடுத்துவிடலாம் என்றார் நவ்ஷாத். இருக்கட்டும் என்றேன்.

இரண்டாவதாக ஒரு தனித்தாள். ஒரு தாய் தன் குழந்தைகளின் இறப்புத் தகவலைத் திரும்பப் பெறுகிறார், அறிக்கையிலிருந்து நீக்கக் கோருகிறார் என்று.

வாங்கிக்கொண்ட அலுவலர் அதைப் படித்துவிட்டு, "அச்சடிச்ச புக்குலேருந்து எப்படிம்மா எடுக்கறது?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, தெரியாமல்தான் கேட்டார். இருந்தாலும் இரண்டு தாளிலும் சீல் வைத்துக் கொடுத்தார்.

வெளியே டீக்கடையில் நவ்ஷாத்திடம், "அன்னிக்கு நான் உங்களைப் பத்திச் சொன்னது" என்று ஆரம்பித்தேன். "டீ ஆறுது" என்றார்.

பிப்ரவரி 12

மையத்திலிருந்து மின்னஞ்சல். தரவுகளின் இரகசியத்தன்மையை மீறியதால் என் ஃபெல்லோஷிப் இன்றோடு முடிகிறது. பாங்காக் பரிந்துரை திரும்பப் பெறப்படுகிறது.

இரகசியத்தன்மை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "என்னடி பண்ண?" என்றாள். சொன்னேன். "தெருவுல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 13

வசுமதி மேடத்தின் நம்பரிலிருந்து இரண்டு முறை அழைப்பு. எடுக்கவில்லை. மூன்றாவது முறை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வரவில்லை.

மார்ச் 2

ஆரணி. வீட்டில்தான் இருக்கிறேன். மாவு அரைத்துக் கொடுத்தேன். விமானம் காலை பத்தேகாலுக்கு.

மார்ச் 19

நவ்ஷாத் போன் செய்தார். மையத்தின் அறிக்கையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், வேறொரு நிறுவனத்தை வைத்துப் புதிதாக ஆய்வு நடத்த வேண்டும் என்று அரசுத் தரப்பில் முடிவாகியிருக்கிறது. அதுவரை கப்பல் தளக் கோப்பு நகராது.

"ஜெயிச்சிட்டோமா?" என்று கேட்டேன்.

"இல்ல. டைம் கிடைச்சிருக்கு. அவ்வளவுதான்."

தண்ணீர்?

அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையாம். லாரி இன்னமும் வாரம் இரண்டு நாள்தான்.

போனை வைத்த பிறகு மையத்தின் இணையதளத்தைத் திறந்தேன். அறிக்கை அப்படியே இருக்கிறது. நான்காம் அத்தியாயம், இரண்டாம் அட்டவணை. பத்தொன்பது. பதினேழு ஆகவில்லை. தேசம்மாவுக்கு இதைப் போய்ச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை மூடி மறைக்காமல்.

மார்ச் 24

போய்ச் சொன்னேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டார். "சரி" என்றார். உள்ளே போய்விட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

பெங்களூரில் ஒரு நிறுவனம் ஃபெல்லோஷிப்புக்கு விளம்பரம் செய்திருக்கிறது. மக்கள்தொகை, சூழல், பொதுச் சுகாதாரம். கடைசி நாள் நாளை. விண்ணப்பிக்க மாட்டேன் என்றுதான் ஒரு வாரமாக இருந்தேன். இன்று மதியம் உட்கார்ந்தேன்.

கல்வி, அனுபவம் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பரிந்துரை செய்பவர் இருவர் என்ற இடத்தில் நவ்ஷாத் பெயரையும், கல்லூரியில் என் கணக்கைப் பார்த்துச் சிரித்த ஆசிரியர் பெயரையும் போட்டேன். இருவரிடமும் கேட்டுவிட்டேன்.

ஒன்பதாவது பகுதியில் நின்றுவிட்டேன். 'நீங்கள் இதற்கு முன் ஆய்வு செய்த மக்களோடு உங்களுக்கு இப்போதுள்ள உறவை விவரிக்கவும். இருநூறு சொற்களுக்குள்.'

முதலில் எழுதியது நன்றாக வந்தது. அவர்களோடு தங்கியது, கழியில் இறங்கியது, பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம். படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மைதான். எல்லாவற்றையும் அழித்தேன்.

பிறகு எழுதியது:

'அவர்கள் என்னை நம்பிச் சொன்னதை எழுதிக்கொண்டேன். அது அவர்களுக்கு எதிராகப் பயன்பட்டது. அப்படி நடக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருந்தது, நான் கேட்கவில்லை. இப்போது அவர்கள் என்னோடு பேசுவதில்லை.'

மீதி இடத்தை அப்படியே விட்டு அனுப்பிவிட்டேன்.